நின்றே கழியும் நாள்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் எழுந்த 1960-களில், ஷிப்ட் முடிந்து வந்த தொழிலாளிக்கு இட்லியும் டீயும் கொடுத்து ஆதரித்தவை, முதலாளியே கல்லாவில் அமர்ந்து, மாஸ்டரின் கைப்பக்குவத்தை நம்பி நடத்திய சிறு ஓட்டல்கள். இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலை வரையில், அவற்றின் நடுவே, ஒரே பெயரும் ஒரே ருசியும் ஒரே சீருடையும் கொண்ட கிளை உணவகங்கள் விளக்கொளியுடன் நிற்கின்றன. அங்கே உண்பவர் அநேகர். அங்கே உத்தியோகம் பார்ப்பவரின் நாள் எப்படிக் கழிகிறது என்று அறிந்தவர் சிலரே.

தமிழ்நாட்டில் இந்த முறைக்குப் பெரும் உருவம் கொடுத்தது, 1981-இல் கே.கே. நகரில் பி. ராஜகோபால் தொடங்கிய சரவண பவன். ஊழியருக்குத் தங்குமிடம், வைத்தியச் செலவு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என்று அந்த ஸ்தாபனம் அளித்த சலுகைகள் ஊரறிந்தவை. ராஜகோபால் பின்னாளில் கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு 2019-இல் மறைந்தார். அந்தக் குற்றத்தை எந்தச் சலுகையும் ஈடுசெய்யாது. எனினும், தொழிலாளியைப் பராமரிப்பதால் வியாபாரம் நொடித்துவிடாது என்பதற்கு அந்த ஸ்தாபனத்தின் வளர்ச்சி ஓர் அத்தாட்சி.

கிளை உணவகத்தின் சூட்சுமம் ருசி மாறாமையில் இருக்கிறது. மாவும் மசாலாப் பொடியும் பொதுச் சமையற்கூடத்திலிருந்து வண்டியில் வந்து இறங்குகின்றன. எத்தனை கரண்டி, எத்தனை நிமிஷம் என்பது முன்னரே நிர்ணயமானது. இதனால் சரக்கு மாஸ்டரின் மதிப்பு சற்றுக் குறைந்துபோனது என்பது என் அபிப்பிராயம். தோசை மாஸ்டருக்கு மட்டும் இன்னும் அந்தக் கௌரவம் மிச்சமிருக்கிறது: சூடேறிய கல்லில் தண்ணீர் தெளித்து, சிறு விளக்குமாற்றால் ஒரே வீச்சில் துடைத்து, அடுத்த கரண்டி மாவை வட்டமாக இழுக்கும் அந்தக் கையின் லாகவத்தை எந்த அளவுக் குறிப்பும் கற்பிக்க முடியாது.

சப்ளையரின் கஷ்டம் வேறு. அம்பத்தூரில் ஓர் உணவகத்தில், நான்கு தட்டுகளை இடக்கையில் அடுக்கிக்கொண்டு வந்தவர், அவற்றைப் பரிமாறிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் ஒரு காலைச் செருப்பிலிருந்து விடுவித்து, குளிர்ந்த தரையில் அரை நிமிஷம் ஊன்றி நின்றதைக் கண்டேன். திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் வருபவர். காலை 7 மணிக்கு நுழைந்தால் 11 வரை. பிறகு மாலை 5 முதல் இரவு 10 வரை. இதற்குப் பெயர் பிரேக் ஷிப்ட். "நடுவுல வீட்டுக்குப் போயிட்டு வர முடியாதா?" என்றேன். "போய் ஒரு வாய் சாப்பிட்டுப் படுத்தா, உடனே கிளம்பணும் சார். அதுக்கு ரூம்லயே கெடக்கலாம்," என்றார். ஊழியர் தங்கும் அந்த ரூமில் தெற்கத்திப் பிள்ளைகளும் ஒடிசா, அசாம் இளைஞர்களும் முறை வைத்துப் படுக்கிறார்கள்.

கணக்குப் பார்த்தால் வேலை 9 மணி நேரந்தான். 1958-இல் சென்னை மாநிலம் இயற்றிய உணவு நிறுவனச் சட்டம், நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டி, வாராந்தர விடுமுறையையும் விதித்தது. ஆனால் நடுவே பிளவுண்ட பொழுது அவருக்கும் பயன்படாமல், குடும்பத்துக்கும் பயன்படாமல் போகிறது என்பதை அந்தக் கணக்கு காட்டாது.

நன்மைகளையும் சொல்லவேண்டும். சிறு ஓட்டலில் அபூர்வமாகக் கிடைக்கும் வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும், ஒழுங்காக நடக்கும் கிளை உணவகத்தில் கிடைக்கின்றன. மாதம் ரூ. 21,000 வரை சம்பளம் பெறுபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, அவர் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். கொதிக்கும் எண்ணெய் பட்ட கைக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியம் கிடைப்பது அற்ப விஷயமன்று.

2021-இல் தமிழகச் சட்டமன்றம், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அமர இருக்கை வேண்டுமென்று விதித்தது. ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுதும் நின்றவர்களின் துயரம் அதற்குத் தூண்டுகோல். உணவகக் கால்களின் வலி வேறல்ல. கிளை நடத்துவோரே, யாரும் வந்து கேட்கும்வரை காத்திராமல், சமையற்கட்டு வாசலருகே ஒரு பெஞ்சு போடுங்கள்; கூட்டம் ஓய்ந்த வேளையில் அதில் உட்காருபவரை ஏனென்று கேளாதீர்கள்.