முழு மார்க்கு வாங்கியும் இடம் இல்லை!

மார்ச்சு மாதக் கடைசி வந்தால் அமெரிக்காவில் பல வீடுகளில் சோறு இறங்காது. "பிள்ளைக்கு ஹார்வர்டில் இடம் கிடைக்குமா?" என்பதே கவலை.

ஹார்வர்டு 1636-ம் ஆண்டு தொடங்கிய பல்கலைக்கழகம். 2015-ல் அங்கே சேர மனுப் போட்டவர்கள் 37 ஆயிரம் பேருக்கு மேல். இடம் கிடைத்தவர்கள் 2 ஆயிரம் பேர்கூட இல்லை.

"நன்றாகப் படித்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது! அந்த ஆண்டு மனுப் போட்டவர்களில், 'சாட்' என்னும் பரீட்சையில் கணக்கில் முழு மார்க்கு வாங்கியவர்களே சுமார் 3,400 பேர்!

அப்படியானால் எப்படிப் பொறுக்குகிறார்கள்?

படிப்பு, விளையாட்டு, குணம், ஆசிரியர் எழுதும் கடிதம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் புள்ளி உண்டு. 1 வாங்கினால் உயர்வு. 6 வாங்கினால் மட்டம். (நம் ஊர் மார்க்குக்குத் தலைகீழ்!) பிறகு 40 பேர் குழு கூடி ஓட்டுப் போடும். பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தால்தான் இடம்.

அப்பாவோ அம்மாவோ அங்கே படித்தவரா? அதையும் பார்ப்பார்கள். 2009 முதல் 2015 வரை அத்தகைய பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களில் நூற்றுக்கு 6 பேருக்குத்தான். கூலிக்காரர் மகன் இதற்கு எங்கே போவான்?

இந்த விவரமெல்லாம் ஒரு வழக்கில் வெளிவந்தன. சேர்க்கையில் இனம் பார்க்கக் கூடாது என்று 2023-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. பெற்றோர் படித்த சலுகைக்கு அந்தத் தீர்ப்பு தடை போடவில்லை.

மறு ஆண்டு மனுப் போட்டவர்கள் 54,008 பேர். இடம் கிடைத்தவர்கள் 1,937.