மழைத்துளியை அளக்க ஒரு தட்டு மாவு

எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று மழைமானி சொல்லிவிடும். அந்த மழை மண்ணை எவ்வளவு பலமாக அடித்தது என்பது அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத் துளியின் அளவு வேண்டும்.

1 மி.மீ. விட்டமுள்ள துளி நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தில் விழுகிறது. 4 மி.மீ. துளி கிட்டத்தட்ட 9 மீட்டர் வேகத்தில் வருகிறது; 64 சிறு துளிகளின் தண்ணீரும் அதில் இருக்கிறது. கணக்குப் போட்டால், ஒரு சிறு துளியைவிடச் சுமார் 300 மடங்கு ஆற்றல்! இத்தகைய துளிகள்தான் மண்கட்டியை உடைக்கின்றன. உடைந்த துகள்கள் மண்ணின் துவாரங்களை அடைத்துவிடுவதால், நீர் உள்ளே இறங்காமல் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

துளிகளை அளக்க லேசர் கருவிகள் உண்டு, விலைதான் எட்டாது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வாழ்ந்த வில்சன் பென்ட்லி, பனித்துகள் படங்களால் புகழ்பெற்ற விவசாயி, இந்த வேலையை மாவை வைத்தே முடித்தார். 1904இல் முடிவுகளை வெளியிட்டார். நாமும் செய்யலாம். தட்டில் சலித்த மாவைத் தளர்வாகப் பரப்பி, மழையில் சில நொடி மட்டும் காட்ட வேண்டும். அதிக நேரம் வைத்தால் எல்லாம் கூழாகிவிடும். ஒவ்வொரு துளியும் ஓர் உருண்டையாகும். காய்ந்ததும் சலித்து, அளவுவாரியாகப் பிரித்து எண்ணலாம். உருண்டையின் அளவு துளியின் அளவாகாது. சிரிஞ்சு ஊசியிலிருந்து சொட்டும் நூறு துளிகளை எடைபோட்டு, அதே ஊசியின் துளிகளை மாவில் விழவைத்து ஒப்பிட வேண்டும்.

மழை நெடுகிலும் பதிவு வேண்டுமானால், பஸ்ஸர்களில் இருக்கும் பீசோ தகடு மலிவாகக் கிடைக்கும். துளி மோதும்போது அது சிறு மின்னழுத்தத்தைத் தரும், மைக்ரோகன்ட்ரோலர் குறித்துக்கொள்ளும். ஆனால் தகட்டின் நடுவில் விழும் துளியும் ஓரத்தில் விழும் துளியும் ஒரே எண்ணைத் தருவதில்லை. அளவுத்திருத்தத்திலும் ஒரு பொறி இருக்கிறது: 2 மீட்டர் உயரத்திலிருந்து சொட்டவிட்டால் எந்தத் துளியும் நொடிக்கு 6.3 மீட்டரைத் தாண்டாது. பெரிய துளி தன் முழு வேகத்தை எட்டச் சில மாடி உயரம் தேவை.

மிகச் சிறிய துளிகள் தகட்டில் பதிவாகாமல் போகலாம். ஆற்றல் கணக்கில் அதனால் பெரிய இழப்பில்லை. பக்கத்தில் சாதாரண மழைமானி ஒன்றையும் வைத்துவிடுங்கள். பலத்த மழையில் தகடு எண்ணிய துளிகளின் மொத்தத் தண்ணீர், மானி காட்டுவதில் பாதிதான் என்றால், முதலில் தகட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.