மணற்குன்று சேர்த்து வைத்த நல்ல தண்ணீர்

மணப்பாட்டு மணற்குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில் நிற்கிறது. 1581-ல் எழுந்த கோயில். அதற்குக் கீழே, கடலைப் பார்த்த பாறைச் சரிவில் ஒரு குகை. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கிய இடம் என்று ஊர் சொல்லும். குகைக்குள் ஒரு கிணறு உண்டு. கடல் பக்கத்திலேயே கிடக்கிறது. கிணற்றுத் தண்ணீரோ கரிப்பதில்லை. வடக்கே திருச்செந்தூரில் நாழிக்கிணறும் அப்படித்தான். படியிறங்கிப் போனால் அடியில் ஓரடிச் சதுரத்தில் சின்னஞ்சிறு கிணறு. கடற்கரை மணலுக்குள் நல்ல தண்ணீர்.

இரண்டு இடத்திலும் மக்கள் அதை அருள் என்று கும்பிடுகிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. அந்தத் தண்ணீர் எப்படி வந்தது, எதைச் செய்தால் போய்விடும் என்று தெரிந்துகொள்வதும் அதற்குச் செய்கிற மரியாதைதான் என்று நினைக்கிறேன். கிராம சுகாதார செவிலியராக இந்தக் கரையோரத்து ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வயிற்றுப்போக்கு, கர்ப்பிணிகளுக்குப் பிரஷர், சிறுநீரில் எரிச்சல் என்று நான் குறிப்பேட்டில் எழுதிய பல வியாதிகளுக்கும் பின்னால் தண்ணீர் இருந்தது. அதனால் தண்ணீரைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு.

முதலில் எங்கள் பெண்கள் தண்ணீர் எடுத்த விதம். குழாய் வராத காலத்தில் மணல்மேட்டின் கரைப்பக்கத்து அடிவாரத்தில் ஊற்றுத் தோண்டுவார்கள். கடல் பக்கம் தோண்டமாட்டார்கள். மணலைக் கையால் விலக்கி, ஈரம் தட்டியதும் நிறுத்துவார்கள். முதலில் கலங்கலாக ஊறும். அதை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். இரண்டாவது ஊறல் தெளிந்து வரும். சிரட்டையை ஒருக்களித்து, மேல்தண்ணீரை மட்டும் வழித்துக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டுகிற பெண்ணுக்குத் திட்டு விழும்: "அடியத் தோண்டாத, உப்பு ஏறிரும்." கிணறு இருந்த இடத்தில் பனையோலைப் பட்டையால் இறைத்தார்கள். பட்டை கொஞ்சம்தான் மொள்ளும், அடித்தண்ணீரைக் கலக்காது.

இந்தப் பெண்கள் யாரும் பள்ளிக்கூடத்தில் நிலத்தடி நீரியல் படித்தவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் செய்த ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் இருவர்: 1889-ல் கைபென் என்ற டச்சுப் பொறியாளர், 1901-ல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர். கடல்நீர் நல்ல தண்ணீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. அதனால் மணலில் இறங்கிய மழைநீர் கடல்நீரோடு உடனே கலந்துவிடாமல், தண்ணீரின் மேல் எண்ணெய் கிடப்பது போல அதன் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மணற்குன்றின் அடியில் இருப்பது இந்தச் சேமிப்புதான்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால், அந்த நிலையே நீடிக்கும்போது, கீழே உப்பு நாற்பதடி மேலேறி வரும். சக்தி வாய்ந்த மோட்டாரை ஆழ்துளையில் இறக்கி மணிக்கணக்கில் இழுத்தால், இழுக்கிற இடத்துக்கு நேர் கீழே உப்புத் தண்ணீர் கூம்பாக எழும்பும். அதைத்தான் "அடியத் தோண்டாத" என்ற ஒரே அதட்டலில் எங்கள் கிழவிகள் சொல்லி வைத்தார்கள். சிரட்டையால் மேலாக வழித்தெடுப்பது சோம்பலும் அல்ல, வசதியின்மையும் அல்ல. இந்த மண்ணில் தண்ணீர் எடுக்கச் சரியான முறையே அதுதான்.

நான் வேலை பார்த்த ஊர்களில் ஒன்றில், பெயர் வேண்டாம், ஊர்க்கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒருவர் ஆழ்துளை போட்டு மோட்டார் வைத்தார். அடுத்த கோடையில் ஒரு பெரியம்மா என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு ஒரு செம்பு தண்ணீரை நீட்டினார். "நர்ஸம்மா, வாயில வச்சுப் பாத்தியளா? பருப்பு வேகவே மாட்டேங்கு. சோப்பு நுரைக்க மாட்டேங்கு." நான் குடித்துப் பார்த்தேன், லேசான சவர் தெரிந்தது. பருப்பு வேகாததும் சோப்பு நுரைக்காததும் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கூடிவிட்டதற்கு அடையாளம். கடல்நீர் கலக்கத் தொடங்கும்போது கடினத்தன்மை கூடும். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி வாங்கிய சீட்டும் பிறகு அதையே சொன்னது. அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்கு அது முன்னாலேயே தெரிந்துவிட்டது.

நாக்கை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் குளோரைடு சேர்ந்தாலே உப்புச் சுவை தெரியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் நாக்குக்கு ஒரு குறை உண்டு: பழகிவிடும். உப்பு வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால், அந்தத் தண்ணீரிலேயே வளர்கிற பிள்ளைக்கு அதுதான் தண்ணீரின் ருசி. இந்த இடத்தில்தான் கருவி வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இன்று பேனா அளவில், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரப்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை. குளோரைடுக்கு 250, வேறு வழி இல்லாவிட்டால் 1000.

இந்த 1000 என்ற எண்ணைச் சும்மா விட்டுவிடக் கூடாது. அந்தக் குளோரைடு முழுவதும் சாப்பாட்டு உப்பாக இருந்தால், ஒரு லிட்டரில் ஒன்றரை கிராமுக்கு மேல் உப்பு. வெயிலில் வேலை செய்கிறவர் மூன்று லிட்டர் குடித்தால் ஏறக்குறைய 5 கிராம். ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழம்புக்கும் கருவாட்டுக்கும் முன்னாலேயே அன்றைய உப்பு முடிந்துவிட்டது! வங்காள தேசத்தின் தெற்குக் கரையில் டாக்கோப் என்ற பகுதியில் கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2011-ல் வெளியிட்டார்கள். குளத்து நீரும் கிணற்று நீரும் உப்பேறும் வறண்ட மாதங்களில் பெண்களின் உடலில் உப்பு கூடியது. கர்ப்பகால ரத்தக்கொதிப்பும் மழை மாதங்களைவிட அந்த மாதங்களில் அதிகமாக இருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து நான் கர்ப்பிணியின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றும்போதெல்லாம், "வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீங்க?" என்று கேட்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு எங்கள் படிவத்தில் இடம் இல்லை. ஓரத்தில் எழுதி வைத்தேன்.

பழைய அறிவு எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. மேல்தண்ணீர் தெளிவாக இருக்கிறது, ஆகவே சுத்தம் என்று நம்பினார்கள். கிருமி கண்ணுக்குத் தெரியாது. கழிப்பறைக் குழி கிணற்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட காலத்தில், மணலில் கிருமி எளிதாக இறங்கிவிடும். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசித் தண்ணீர் ஊற்றினால் கலங்கல் அடியில் படியும், அது உண்மை. தூசியை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் பொருள் அந்தக் கொட்டையில் இருக்கிறது. ஆனால் தெளிந்த தண்ணீர் கிருமி நீங்கிய தண்ணீர் ஆகிவிடாது. செம்புப் பாத்திர விஷயத்தில் பாட்டிமார் பக்கம்தான் வெற்றி. கிருமி கலந்த தண்ணீரை 16 மணி நேரம் செம்புப் பானையில் வைத்தபோது காலரா, ஷிகெல்லா, ஈ.கோலி உள்ளிட்ட வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிந்ததை ஒரு பெங்களூரு ஆய்வு 2012-ல் காட்டியது. அதுவும் முந்தின நாள் மாலையில் நிரப்பி வைத்தால்தான். காலையில் ஊற்றி உடனே குடித்தால் பயன் இல்லை.

ஊர்க்கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர்தான். "மருந்துத் தண்ணி நாறுது" என்று பெண்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது; பொடியை அப்படியே வாளியோடு கொட்டிவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். முறை இதுதான்: கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்றால் உள்ளே சுமார் 9,400 லிட்டர் இருக்கும். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் 24 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். அதை முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, வாளியில் கரைத்து, பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, கிணற்றில் இறக்கி நன்றாகக் கலக்க வேண்டும். தெளிவை மட்டும் எடுப்பது ஊற்றுத் தோண்டிய பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டிய வித்தையா என்ன? ராத்திரி கடைசிக் குடம் எடுத்த பிறகு போட்டால், விடிவதற்குள் நாற்றம் அடங்கிவிடும். எந்த நேரத்தில் கடைசிக் குடம் எடுக்கிறார்கள் என்பதைக் கிணற்றடிப் பெண்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு சண்டை இல்லை.

2023 டிசம்பர் மழையை யாரும் மறந்திருக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இப்படி வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, குளோரின் போட்டு, சோதித்த பிறகே குடிக்க வேண்டும். சோதனையும் கடினம் இல்லை. குவாலியர் விஞ்ஞானிகள் 1982-ல் வெளியிட்ட ஒரு முறையில், மருந்துத் தாள் வைத்த சிறு பாட்டிலில் தண்ணீரை ஊற்றி வைத்தால் போதும். மலக்கிருமி கலந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் கறுத்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்தக் கறுப்பைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறதே, இனி மணற்குன்று எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நெதர்லாந்துக்காரர்களிடம் கேட்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் கடற்கரை மணற்குன்றுகளின் தண்ணீரைக் குடிக்கிறது. அளவுக்கு மேல் எடுத்ததில் அங்கேயும் அடியிலிருந்து உப்பு ஏறியது. 1957 முதல் ரைன் ஆற்று நீரைச் சுத்தம் செய்து குன்றுகளுக்குள் இறக்கிச் சேமிக்கிறார்கள். ஆறு இருந்தும் குன்றை விடவில்லை. நம் பக்கத்தில், சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில், ஆழ்துளைகளால் இழுத்து இழுத்துக் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. அது 1960களின் கடைசியிலேயே தெரிந்துவிட்ட செய்தி.

குன்றைப் பிடித்து வைத்திருப்பது இராவணன் மீசைப் புல்லும், அடப்பங்கொடியும், பனையும், உடை மரமும். புல்லும் கொடியும் காற்றில் வரும் மணலைத் தடுத்துக் குன்றை வளர்க்கின்றன. குன்று இருந்தால்தான் வடகிழக்கு மழை உள்ளே இறங்கித் தங்கும். வண்டி ஓட்டியும், மணல் அள்ளியும், 'அழகுபடுத்துகிறோம்' என்று சமப்படுத்தியும் குன்றைக் குலைத்தால் தண்ணீரும் போகும். சட்டம் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 1991-ன் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையும் 2011-ல் அதற்குப் பதிலாக வந்ததும் மணற்குன்றை மாற்றியமைப்பதைத் தடை செய்தன. கடலோரம் நிலத்தடி நீர் எடுப்பதற்குக் கட்டுப்பாடு விதித்து, 200 முதல் 500 மீட்டர் வரையுள்ள பகுதியில் சாதாரணக் கிணற்றில் கையால் இறைப்பதை மட்டும் அனுமதித்தன. டெல்லியில் எழுதிய சட்டமும் மணப்பாட்டுக் கிழவியின் அதட்டலும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

இனி செய்ய வேண்டியது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியும் பயிற்சியும் தர வேண்டும். உங்கள் ஊரில் அந்த ஐவர் யார் என்று கேளுங்கள். அதில் ஒருவராவது கிணற்றடியிலேயே வாழ்ந்த மூத்த பெண்ணாக இருக்கட்டும். மழைக்கு முன்னும் கோடை முடிவிலும் ஊர்க்கிணறுகளின் உப்பளவை ஒரு நோட்டில் எழுதுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் பருப்பு வெந்ததா, சோப்பு நுரைத்ததா என்பதையும் எழுதுங்கள். அந்த நோட்டின் ஒரு நகல் சுகாதார நிலையத்தில், கர்ப்பிணிகளின் பிரஷர் பதிவேட்டோடு சேர்த்து இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் கிராம சபை கூடுகிறது. கரையோரத்து ஊர்க்காரர்கள் அன்று வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வாருங்கள். மணற்குன்றில் மோட்டார் வேண்டாம் என்று ஒரு தீர்மானம் போடுங்கள்.