பிரித்துக் கட்டிய எஞ்சின் ஏன் கிளம்பவில்லை?

சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட்டை வெளியிட்டது. ஐம்பது சி.சி. எஞ்சின், இருவர் அமரும் வசதி. பெங்களூருக்குப் பிழைக்க வந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுதான் முதல் வண்டி. காய்கறி மூட்டையும், கேஸ் சிலிண்டரும், பள்ளிக்கூடப் பிள்ளையும் அதில்தான் போயின. இன்று அந்த டூ-ஸ்ட்ரோக் வண்டி புதிதாகக் கிடைக்காது. இப்போது விற்கும் எக்ஸ்.எல். 100 ஃபோர்-ஸ்ட்ரோக். எனவே அப்பா ஓட்டிய வண்டியைப் பிள்ளைகள் போர் போட்டு, பிஸ்டன் மாற்றி உயிர்ப்பிக்க விரும்புகிறார்கள். எங்கள் ஈஜிபுராவில் இருந்து ஜே.சி. ரோடு வரை அலைந்து சாமான் வாங்கி, கூலியும் கொடுத்த பிறகு, எவ்வளவு மிதித்தாலும் வண்டி கிளம்பாது. "மறுபடி பிரிக்கணும்" என்பார்கள். அதற்குச் சம்மதிக்கும் முன் கீழ்க்கண்டவற்றைப் பார்த்துவிடுங்கள்.

ரயில்வேயில் டீசல் எஞ்சின் ஓட்டுநர்களுக்கு 'டிரபுள் ஷூட்டிங் டைரக்டரி' என்று ஒரு கையேடு உண்டு. வண்டி நடுவழியில் நின்றால் முதலில் எதைப் பார்ப்பது, அடுத்து எதைப் பார்ப்பது என்ற வரிசை அதில் இருக்கும். 2600 குதிரைசக்தி டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினுக்கு உதவிய அந்த வழி ஐம்பது சி.சி.க்கும் உதவும். சுலபமானதை முதலில் பார். பிரிப்பதைக் கடைசியில் வை. பிரிப்பதற்கு முன் ஓடிய எஞ்சின், கட்டிய பின் ஓடவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் கடைசியாகக் கை பட்ட இடத்தில்தான் இருக்கும்.

முதலில் பத்துப் பதினைந்து தடவை மிதித்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேங்க் மூடியின் காற்றுத்துளை, பெட்ரோல் டேப்பின் வடிகட்டி, கார்புரேட்டரின் மிதவை ஊசி, சிறிய ஜெட் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். இன்று பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் தண்ணீர் அடியில் தங்கிவிடும். பழையதைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். புது பிஸ்டனுக்கு நல்லது என்று ஆயிலை அளவுக்கு மீறிக் கலக்கவும் வேண்டாம், பிளக் அடைத்துக்கொள்ளும்.

பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறியைச் சோதிக்க வேண்டும். பிளக்கை எஞ்சின் உடம்பில் ஒட்டி வைத்து மிதித்துப் பாருங்கள். பிளக் துளைக்கு அருகில் மட்டும் வைக்காதீர்கள். அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பற்றிவிடும். பொறி இல்லையென்றால் வண்டிக்கு அடித்த புதுப் பெயிண்டைச் சந்தேகியுங்கள். காயில் உட்காரும் இடத்தில் பெயிண்ட் இருந்தால் எர்த் கிடைக்காது. உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்தால் போதும். மூடிக்கடியில் ஒயர் நசுங்கி உடம்பில் படுகிறதா என்றும் பாருங்கள். பாயிண்ட் உள்ள பழைய வண்டியானால், புதுப் பாயிண்டின் முகத்தில் எண்ணெய்ப் படலம் இருக்கும். சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள்.

பொறி வந்தும் கிளம்பாமல், சைலன்சரில் 'டப்' என்று வெடித்தால் பொறி வரும் நேரம் தவறியிருக்கலாம். மேக்னெட்டைக் கிராங்க்கோடு பூட்டும் சிறிய அரைநிலாச் சாவி நழுவியிருந்தாலோ வெட்டுப்பட்டிருந்தாலோ அப்படி நேரும்.

அடுத்தது அமுக்கம். பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்து, இன்னொருவரை மிதிக்கச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால் சில சொட்டு ஆயிலைத் துளைக்குள் விட்டு மறுபடி பாருங்கள். அமுக்கம் கூடினால் ரிங் வழியாகக் காற்று போகிறது: போர் காய்ந்திருக்கலாம், அல்லது மாட்டும்போது ரிங் உடைந்திருக்கலாம். கூடவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

பெட்ரோல், பொறி, அமுக்கம் மூன்றும் சரியாக இருந்தும் கிளம்பாத வண்டி உண்டு. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் மேலே போகும்போது கலவை கிராங்க் கேஸுக்குள் இழுக்கப்படுகிறது. கீழே வரும்போது அங்கிருந்து மேலே தள்ளப்படுகிறது. ஆகவே கிராங்க் கேஸும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். மேக்னெட் பக்க ஆயில் சீல் மடங்கியிருந்தாலோ, கார்புரேட்டர் அடியில் கேஸ்கெட் விட்டுப்போயிருந்தாலோ கலவை மேலே ஏறாது. வேலை செய்தபோது தூசி புகாமலிருக்கப் போர்ட்டில் அடைத்த துணியை எடுத்தார்களா என்றும் கேளுங்கள்.

சென்னையிலிருந்து கொண்டுவந்த வண்டி என்றால் ஊரின் உயரத்தைக் குற்றம் சொல்வார்கள். பெங்களூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருப்பதால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் பெட்ரோல் சற்று மிகுந்து பிளக் கருக்கலாம், கிளம்பாமலேயே போகாது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால், வண்டி கிளம்பினாலும் எதனால் கிளம்பியது என்று தெரியாது. இத்தனைக்கும் பிறகு பிரிக்கத்தான் வேண்டும் என்றால் அந்தத் தாளை மெக்கானிக்கிடம் கொடுங்கள். எந்த இடத்தைப் பிரிக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். வீண் கூலி மிச்சமாகும்.