படப்பைக்கு மழை எப்படி வருகிறது

ஐப்பசி பிறந்துவிட்டால் படப்பைக் கடைத்தெருவில் எந்த டீக்கடைக்குப் போனாலும் ஒரே கேள்விதான். "புயல் எங்க கரையைக் கடக்குதாம்?" ஒருவர் செல்போனில் படம் காட்டுவார். அதில் புயலின் பாதையைக் காட்டும் கோடு மரக்காணம் பக்கம் போனால், "நமக்கில்லப்பா, அது பாண்டிக்கு" என்று எல்லோரும் நிம்மதியாகக் கலைந்து போவார்கள். அந்த நிம்மதிதான் எனக்குக் கவலை தருகிறது. நெல் போட்டவர்கள், மாடு கட்டியவர்கள், கிணற்றில் மோட்டார் இறக்கியவர்கள் எல்லோரும் அந்தக் கோட்டை நம்பித்தான் அன்றைய வேலையை முடிவு செய்கிறார்கள். ஆகவே டீயைச் சொல்லிவிட்டு உட்காருங்கள், கொஞ்சம் பொறுமையாகப் பேசுவோம்.

முதலில் 2015-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த டிசம்பர் 1 இரவை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மறுநாள் காலை எட்டரை மணிக்கு எடுத்த கணக்கில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. (வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை. 2ஆம் தேதி செய்தியில் வரும் அளவு பெரும்பாலும் 1ஆம் தேதி பெய்த மழைதான்.) ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 40,000 லிட்டர் தண்ணீர். 49 செ.மீ. என்றால் ஏக்கருக்கு இருபது லட்சம் லிட்டர். உங்களிடம் இரண்டு ஏக்கர் இருந்தால், ஒரே நாளில் வரப்புக்குள் நாற்பது லட்சம் லிட்டர் வந்து இறங்கியிருக்கிறது.

அந்த மழையைக் கொண்டுவந்த புயலின் பெயர் என்ன? பெயரே இல்லை, ஏனென்றால் அது புயலே இல்லை. வங்கக் கடலில் உருவான வெறும் தாழ்வுப் பகுதி. பெயர் வைக்கும் நிலைக்கு அது வரவேயில்லை.

இதைப் புரிந்துகொள்ள வானிலை அறிக்கையின் ஏணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கீழ்ப்படியில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. அடுத்து காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், பிறகு ஆழ்ந்த தாழ்வு மண்டலம். காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட்டால்தான் அது புயல், அப்போதுதான் பெயர். 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல். இந்த ஏணி முழுக்க அளப்பது காற்றின் வேகத்தை மட்டும்தான். மழையைப் பற்றி ஒரு சொல்லும் அதில் கிடையாது. "வலுவிழந்து தாழ்வு மண்டலமாக மாறியது" என்று செய்தியில் கேட்டவுடன் மழையும் வலுவிழந்துவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். மரமும் மின்கம்பமும் சாயும் பயம் குறைந்தது என்று மட்டும்தான் அதற்குப் பொருள். 2015-இல் தாம்பரத்தை மூழ்கடித்தது ஏணியின் அடிப்படி.

மழையின் அளவை வேறொரு வரிசை சொல்கிறது. 24 மணி நேரத்தில் ஆறரை செ.மீ. தாண்டினால் கனமழை, பதினொன்றரைக்கு மேல் மிக கனமழை, இருபதரைக்கு மேல் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் இந்த வரிசையை ஒட்டித்தான் வருகின்றன. ஆகவே அறிக்கையைக் கேட்கும்போது புயலின் பெயரைத் தாண்டி இந்தச் சொற்களுக்குக் காதைக் கொடுங்கள்.

இனி அந்தக் கோட்டுக்கு வருவோம். நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். அது நமக்குத் தெற்கே கரையேறினால், அதன் வடபக்கத்துக் காற்று கடலிலிருந்து நேரே நம்மை நோக்கி வீசும், ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். 2020 நவம்பர் 25 இரவு நிவர் புதுச்சேரிக்கு அருகே, மரக்காணத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. "நமக்கில்லை" என்ற அதே கோடு. மறுநாள் காலைக் கணக்கில் தாம்பரத்தில் 31 செ.மீ. படப்பை கடலிலிருந்து சுமார் 25 கி.மீ. உள்ளே இருக்கிறது. கடல் பொங்கி நம் வீட்டுக்குள் வராது. ஆனால் மழை மேகத்துக்கு 25 கி.மீ. ஒரு தூரமே இல்லை.

அப்படியானால் புயல் வடக்கே போனால் தப்பித்தோமா? அதையும் 2023 பொய்யாக்கியது. மிக்ஜாம் டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லா அருகே கரையேறியது, இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் அதற்கு முன், 3ஆம் தேதியும் 4ஆம் தேதியும், சென்னைக் கரையை ஒட்டியே மெதுவாக ஊர்ந்து போனது. முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015-ஐப் போலவே மறுபடி தண்ணீரில் நின்றன. அடுத்த ஆண்டு ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. எங்கே கடக்கிறது என்பதைக் காட்டிலும், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது உழவருக்கு முக்கியமான கேள்வி. மணிக்கு 15, 20 கி.மீ. வேகத்தில் போகிற புயல் நம் தலைக்கு மேல் அரை நாள் இருக்கும். 5 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தாலோ, நின்றாலோ, ஏரி நிரம்பும் வரை பெய்யும். அறிக்கையின் முதல் வரியிலேயே கடந்த ஆறு மணி நேரத்தில் நகர்ந்த வேகத்தைச் சொல்லிவிடுகிறார்கள். நாம் அதைத் தாண்டிப் போய் ஊர்ப் பெயரைத் தேடுகிறோம்.

கோட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்திய வானிலைத் துறையின் கணிப்பு இந்த இருபது ஆண்டுகளில் நிறையவே மேம்பட்டிருக்கிறது. அப்படியும் 24 மணி நேரத்துக்கு முன்பு சொல்லும் பாதையில் சராசரியாக எழுபது, எண்பது கி.மீ. விலகல் இருக்கும். அது குறையல்ல, கடலில் சுழலும் ஒன்றை அவ்வளவு கிட்டத்தில் சொல்வதே பெரிய காரியம். ஆனால் படப்பையிலிருந்து மரக்காணத்துக்கு நேர்க்கோட்டில் போனால் அதே தூரம்தான் வரும். படத்தில் கோட்டைச் சுற்றி அகலமாக ஒரு நிழல் போட்டிருப்பார்கள். நம் ஊர் அந்த நிழலுக்குள் இருந்தால், புயல் நமக்கும் உண்டு என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

"ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்" என்ற வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "எப்பப் பாரு இதையேதான் சொல்றாங்க" என்பவர்களும் உண்டு. அதிலும் கணக்கு இருக்கிறது. ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு வரை. ஒருசில இடங்கள் என்றால் பாதி வரை, அநேக இடங்கள் என்றால் முக்கால் வரை, அதற்கு மேல் பெரும்பாலான இடங்கள். ஆகவே திங்கட்கிழமை "ஓரிரு" என்றிருந்தது செவ்வாய்க்கிழமை "அநேக" என்று மாறினால், உங்கள் வயலுக்கு மழை வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு ஏறியிருக்கிறது. சொல் ஒன்றுதான் மாறியிருக்கும்.

எச்சரிக்கை மாவட்டக் கணக்கில் வருகிறது என்பதும் இந்தப் பக்கத்தில் குழப்பம்தான். படப்பை, மணிமங்கலம், ஆதனூர் எல்லாம் காஞ்சிபுரம் மாவட்டம். மண்ணிவாக்கமும் முடிச்சூரும் தாம்பரமும் 2019-இல் பிரிந்த செங்கல்பட்டு. ஒரே மேகத்துக்குக் கீழே இருக்கும் பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு வரைபடத்தில் இரண்டு நிறம் வரலாம். நான் எப்போதும் சொல்வது இதுதான்: இரண்டு மாவட்டத்தையும் பாருங்கள், எது கடுமையோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகப் பகுதியிலும் பள்ளிக்கரணையிலும் இருக்கும் ரேடார்களின் படம் செல்போனிலேயே கிடைக்கிறது. அடுத்த இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு அதைவிட நம்பகமானது வேறில்லை.

இப்போது ஏரிக்கு வருவோம். எனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. 2015 வெள்ளம் என்றால் எல்லோரும் செம்பரம்பாக்கத்தைத்தான் பேசுகிறார்கள். அங்கே திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றில் சேருமிடம் திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே வீட்டுக்குள் புகுந்தது ஆதனூர், மணிமங்கலம், படப்பைப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர். அடையாறு தொடங்குவதே இந்த ஏரிகளிலிருந்துதான். ஒரு ஏரியின் கலங்கல் வழிந்தால் தண்ணீர் கீழ் ஏரிக்குப் போகும், அது நிரம்பி வழிந்தால் அதற்கும் கீழே. நவம்பர் முழுக்கப் பெய்து (அந்த ஒரு மாதத்தில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.க்கு மேல்) எல்லா ஏரியும் கலங்கல் மட்டத்தில் நின்றபோது வந்த மழை அது. தேக்கி வைக்க இடமே இல்லை. அதே 49 செ.மீ. அக்டோபர் தொடக்கத்தில் பெய்திருந்தால் பாதி ஏரிக்குள்ளேயே அடங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆகவே "மிக கனமழை" என்ற அறிவிப்பு வரும் நாளில் வயலுக்குப் போகும் முன் உங்கள் ஏரியின் கலங்கலைப் போய்ப் பாருங்கள். கலங்கலுக்கு இன்னும் மூன்றடி இருக்கிறதா, ஓரடியா, ஏற்கெனவே வழிகிறதா? உங்கள் ஏரிக்கு மேலேயுள்ள ஏரி எப்படி இருக்கிறது? வரத்துக்காலிலும் உபரிநீர்க் கால்வாயிலும் யாராவது மண் கொட்டி மனைக்கு வழி போட்டிருக்கிறார்களா? ஒரகடம் சாலையில் நிலம் மனையாக மாறிய வேகத்தில் பல கால்வாய்கள் குழாய் அளவுக்குச் சுருங்கிவிட்டன. வானிலை நிலையம் மழையைச் சொல்லும். அந்த மழை உங்கள் வரப்புக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பதை அந்தக் கால்வாய்தான் சொல்லும்.

பயிரைப் பற்றியும் பேசிவிடுவோம். கார்த்திகையில் சம்பா பூவெடுக்கும் நேரம். அப்போது விடாமல் அடித்தால் மகரந்தம் கரைந்து பதராகிப் போகும், அதற்கு நாம் செய்யக்கூடியது அதிகமில்லை. செய்யக்கூடியவை வேறு: கனமழை என்று அறிவித்தால் மேலுரமும் மருந்தும் இரண்டு நாள் தள்ளிப் போடலாம், இல்லாவிட்டால் போட்ட யூரியா கீழ் வயல்காரருக்குப் போகும். வடிகால் மடையை முதல் நாளே வெட்டிவிட வேண்டும். முற்றிய கதிர் இருந்தால், மழைக்கு முன் டயர் மெஷின் இறங்கும், மழைக்குப் பின் பெல்ட் மெஷின்தான், அதற்கு வாடகையும் கூட, காத்திருப்பும் கூட. நவரைக்கு நாற்றுவிடுபவர்கள் மேட்டுப் பாத்தியாகப் போடுங்கள். தண்ணீர் தேங்கி மஞ்சளித்த பயிருக்கு, தண்ணீர் முழுக்க வடிந்த பிறகுதான் உரம். அளவை காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண் அலுவலரிடமோ கேட்டுப் போடுங்கள். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் மாவட்டத்துக்கென்று வரும் வேளாண் வானிலை அறிவுரை 'மேகதூத்' செயலியில் தமிழிலேயே கிடைக்கிறது.

பயிர்க் காப்பீடு செய்திருந்தால், அறுத்து வயலில் காயப் போட்ட நெல் மழையில் நனைந்தாலோ, உங்கள் காப்பீட்டில் அதற்கு இடமிருந்து உங்கள் வயலில் மட்டும் வெள்ளம் நின்றாலோ, 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தண்ணீர் வடியட்டும் என்று காத்திருந்து அந்த மூன்று நாளை விடுபவர்கள் பலர். நிற்கிற தண்ணீரோடு போட்டோ எடுத்து அன்றே சொல்லிவிடுங்கள்.

கோடையிலும் ஆடி, ஆவணியிலும் வரும் சாயங்கால இடிமழை வேறு சங்கதி. பகல் வெக்கையில் மேற்கே எழும்பும் மேகம் கடற்காற்றோடு மோதி, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். அதில் வெள்ளத்தைவிட மின்னல்தான் ஆபத்து. இடிச் சத்தம் காதில் விழுந்தாலே வயலை விட்டு ஏறிக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், தனி மரத்தடியில் நிற்க வேண்டாம். 'தாமினி' என்ற செயலி அருகில் விழும் மின்னலைக் காட்டும்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன், செலவே இல்லாதது. தாம்பரத்தில் எத்தனை சென்டிமீட்டர் என்பது செய்தியில் வருகிறது, உங்கள் வயலில் எவ்வளவு பெய்தது என்பது யாரிடமும் இல்லை. அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள ஒரு டப்பாவை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வையுங்கள். காலை எட்டரைக்கு ஸ்கேலை விட்டுப் பாருங்கள். டப்பா சின்னதா பெரியதா என்பது கணக்கில்லை, தண்ணீரின் உயரம்தான் மழையளவு. அதை நோட்டில் எழுதி, பக்கத்திலேயே அன்று ஏரியில் தண்ணீர் எந்த மட்டம் என்றும் எழுதுங்கள். இரண்டு மழைக்காலம் எழுதினால், எத்தனை செ.மீ.க்கு உங்கள் கலங்கல் வழியும் என்று நீங்களே சொல்வீர்கள். இப்போது அந்தக் கணக்கை வேறு யாரும் உங்களுக்குப் போட்டுத் தருவதில்லை.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கிராமசபைக்குப் போங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. அக்டோபர் 2 கூட்டத்தில் கால்வாய் தூர்வாரக் கேட்டால் காலம் போதாது. ஆகஸ்ட் 15 கிராமசபையிலேயே உங்கள் ஊர் வரத்துக்கால், உபரிநீர்க் கால்வாய் இரண்டின் பெயரையும் சொல்லித் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.