கைப்பையில் மிளகாய்ப் பொடி

இரவு எட்டு மணி. எங்கள் எதிர் வீட்டில் ஒரு சிறு சச்சரவு. அந்த வீட்டுப் பெண் நர்ஸாக வேலை பார்க்கிறாள். அன்று அவளுக்கு இரவு டியூட்டி. கிளம்புகிற அவசரத்தில் கைப்பையைத் திறந்தவள், "இது என்னம்மா?" என்று ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள்.

"மிளகாய்ப் பொடிதான். இருக்கட்டுமேடி! பேப்பரில் வருவதையெல்லாம் படித்தால் ராத்திரி தூக்கம் வருகிறதா?" என்றாள் தாயார்.

"ஊசி போடுகிற கையில் மிளகாய்ப் பொடியா?" என்று சிரித்துக்கொண்டே பெண் போய்விட்டாள். தாயாருக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடம் வந்து, "நீங்கள் நாலும் படிக்கிறவர். சொல்லுங்கள், நான் செய்தது தப்பா?" என்று கேட்டாள்.

தப்பு என்று எப்படிச் சொல்வது? பெற்ற மனம் அல்லவா! ஆனால், அந்தப் பொட்டலம் பெண்ணைக் காப்பாற்றுமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

யார் கைக்குப் போகும்?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் லைசென்ஸ்கூட இல்லாமல் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாம். நர்ஸுகளும் ஏன் அப்படிச் செய்யக் கூடாது என்று கேட்பவர்கள் அங்கே உண்டு. அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் 2000 முதல் 2011 வரை நடந்த 154 துப்பாக்கிச் சம்பவங்களை டாக்டர்கள் சிலர் ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நடந்தவற்றில் நூற்றுக்கு 23 சம்பவங்களில், சுட்ட துப்பாக்கி யாருடையது தெரியுமா? காவலாளியிடமிருந்து பிடுங்கியது! காவலுக்கென்றே நிற்பவனுக்கு இந்தக் கதி என்றால், இரண்டு கையாலும் நோயாளியைத் தாங்கி நிற்கும் பெண்ணின் ஆயுதம் யார் கைக்குப் போய்ச் சேரும்?

நம் நாட்டில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. 2014-ல் கான்பூர் அரசாங்கத் தொழிற்சாலை, பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற அரைக் கிலோ ரிவால்வரை வெளியிட்டது. விலை ஒரு லட்ச ரூபாய்க்கு மேல்! ஆகவே, நம் பெண்களின் பையில் இருப்பது மிளகாய்ப் பொடியோ, மிளகு ஸ்ப்ரேயோதான். திறந்த தெருவில் அது ஓடித் தப்பச் சில விநாடி அவகாசம் தரலாம். மூடிய வார்டிலோ, அடித்தவள் கண்ணும் சேர்ந்து எரியும். பக்கத்துக் கட்டிலில் மூச்சுக்குத் தவிக்கும் ஆஸ்த்மா நோயாளியின் பாடு என்ன ஆவது?

பின்னாலிருந்து வந்தவன்

1973, நவம்பர் 27. மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் அருணா ஷான்பாக் என்ற 25 வயது நர்ஸ், டியூட்டி முடிந்து நிலவறையில் உடை மாற்றிக்கொண்டிருந்தார். கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண். அதே ஆஸ்பத்திரியின் துப்புரவுத் தொழிலாளி ஒருவன் அவரைத் தாக்கி, நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்தான். மூளைக்குப் பிராணவாயு போகாமல் நினைவிழந்தவர், சுமார் 42 வருஷங்கள் அப்படியே கிடந்து 2015 மே 18-ல் காலமானார். அத்தனை வருஷமும் அவரைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்தவர்கள் அங்குள்ள நர்ஸுகளே.

அருணாவின் கைப்பையில் எதுதான் இருந்திருந்தாலும் என்ன பயன்? தாக்கியவன் அன்னியன் அல்ல. தாக்கிய இடமும் தெருவல்ல. அப்போது மும்பை நர்ஸுகள் வேலை நிறுத்தம் செய்து கேட்டது ஆயுதத்தை அல்ல. பாதுகாப்பாக வேலை செய்ய வசதியைத்தான்.

2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில், நீண்ட டியூட்டிக்கு நடுவே ஆஸ்பத்திரியின் கருத்தரங்கு அறையில் ஓய்வெடுத்த இளம் டாக்டர் ஒருவர் கொல்லப்பட்டார். சுப்ரீம் கோர்ட் ஒரு தேசியக் குழுவை நியமித்து, ஆராய வேண்டியவற்றைப் பட்டியலிட்டது. பெண்களுக்குத் தனி ஓய்வறை, போதிய விளக்கு, காமிரா, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து வசதி. அந்தப் பட்டியலில் துப்பாக்கியும் இல்லை, மிளகாய்ப் பொடியும் இல்லை!

கேட்க வேண்டிய கேள்விகள்

நர்ஸாக இருக்கும் பெண்ணோ மருமகளோ உள்ள வீட்டார் அவளிடம் இவற்றைக் கேளுங்கள். உடை மாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? இரவில் வார்டில் இன்னும் யார் இருக்கிறார்கள்? மணி அடித்தால் யார் காதில் விழும்? திரும்பி வர வண்டி உண்டா? பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் வருஷத்துச் சட்டம். அதில் இருப்பவர்கள் யார் என்று அவளுக்குத் தெரியுமா?

அவளும் சில பழக்கங்களைக் கைக்கொள்ளலாம். கோபத்தில் இருப்பவர் எதிரே நிற்கும்போது, வாசற்படி தன் பக்கம் இருக்கும்படி நிற்பது. பைக்குள் கத்தரிக்கோலை வெளியே தெரிய விடாதிருப்பது. இழுத்தால் அவிழும் அடையாள அட்டைக் கயிற்றையே அணிவது. முதல் தகாத பேச்சையே எழுதிக் கொடுத்துவிடுவது. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

இவ்வளவையும் அந்த அம்மாளிடம் சொன்னேன். மறுநாள் காலை பெண் வீடு திரும்பியதும் முதல் கேள்வி, "தாழ்ப்பாள் இருக்கிறதா?" என்பதுதானாம். பெண் சற்று யோசித்து, "போன மாசம் உடைந்தது. இன்னும் போடவில்லை" என்றாளாம்.

அன்றே நர்ஸுகள் நாலு பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் தாழ்ப்பாள் வந்துவிட்டது.

மிளகாய்ப் பொடி சாம்பாருக்குப் போய்ச் சேர்ந்தது.