அரிசிப் புரதத்தின் குறையும் தரிசு உளுந்தும்

காவேரி டெல்டாவில் சம்பாவும் தாளடியும் முற்றி நிற்கும் தை மாதத்தில், நெல்தாளினிடையே உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்து விடுதல் நெடுநாளைய வழக்கம். அறுவடை இயந்திரங்கள் வந்தபின் இவ்வழக்கம் பல இடங்களில் குன்றியுள்ளது. சக்கரத்தடியில் நசுங்கப்போகும் விதைக்குச் செலவு செய்வானேன் என்று நிலமுடையோர் கேட்கின்றனர். பருப்பைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்பதும் அவர்கள் வாதம். வாங்க இயலாத வீடுகளில் நேருவது யாதென அறிய, சரீரம் புரதத்தை உண்டாக்கிக்கொள்ளும் விதத்தைச் சற்றே கவனித்தல் வேண்டும்.

தசை, தோல், மயிர், இரத்தம் யாவற்றிற்கும் புரதமே கட்டடப்பொருள். அமினோ அமிலங்கள் என்னும் சிறு துண்டுகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டதே புரதமாகும். அவற்றுள் 20 வகைகள் உண்டு. உண்ட புரதம் அப்படியே உடலிற் சேர்வதில்லை. இரைப்பையிலும் குடலிலும் தனித்தனி அமிலங்களாகச் சிதைந்து இரத்தத்திற் கலக்கிறது. பின்னர் ஒவ்வோர் உயிரணுவும், பரம்பரையாக வந்த குறிப்பின்படி, தனக்கு வேண்டிய புரதத்தைப் புதிதாகக் கோத்துக்கொள்கிறது. இவற்றுள் 9 வகைகளைச் சரீரம் தானே செய்துகொள்ளமாட்டாது. அவை உணவிலிருந்தே வரவேண்டும்.

வண்டி செய்யும் தச்சனிடம் பத்து வண்டிகளுக்கு ஆரக்கால் இருந்தாலும், இருசு நான்கே இருப்பின் நான்கு வண்டிகளே முடியும். சரீரத்தின் நிலையும் அதுவே. தச்சனாவது மிஞ்சிய ஆரக்கால்களைப் பரணில் போட்டு வைப்பான். சரீரத்திற்கு அவ்வசதியும் இல்லை. உபயோகப்படாத அமிலம் எரிந்துபோக, அதிலுள்ள நைட்ரஜன் யூரியாவாகி மூத்திரத்தில் வெளியேறும். வயலுக்குக் காசு கொடுத்து வாங்கும் அதே யூரியாதான்!

அமெரிக்காவில் ஆஸ்பர்ன், மெண்டல் என்னும் இருவர் 1914-ஆம் ஆண்டில் இதனை எலிகளைக்கொண்டு விளக்கினர். மக்காச்சோளத்தின் ஸீயின் என்னும் புரதத்தை மட்டும் பெற்ற எலிகள் மெலிந்தன. டிரிப்டோபேன் என்ற அமிலத்தைச் சேர்த்ததும் மெலிவு நின்றது. லைஸினையும் சேர்த்த பின்னரே அவை வளர்ந்தன.

நமது அரிசியிலும் இந்த லைஸினே குறைவு. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 7 கிராம் புரதம் இருந்தும், இக்குறையால் அதில் ஒரு பகுதி வீணாகிறது. உளுந்தில் புரதம் சுமார் 24 கிராம். லைஸின் மிகுதி, மெதியோனைன் குறைவு. அக்குறையை அரிசி நிரப்பிவிடும். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து அரைத்து இட்லி வார்க்கும் தாய்மார், ரஸாயன சாஸ்திரம் படியாமலே இதைச் செய்து வருகின்றனர். பாலும் முட்டையும் மீனும் கிடைக்கும் வீட்டில் கவலையில்லை. சோறும் புளிரசமுமே உணவாகிய வீட்டிலோ, வளரும் பிள்ளையும் கருவுற்ற பெண்ணும் வயிறு நிறைந்தும் நலிவுறுவர்.

மாட்டிற்கு இத்தொல்லை மிகக் குறைவு; அசைபோடும் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் வேண்டிய அமிலங்களை ஆக்கித் தருகின்றன. கோழிக்கு அவ்வயிறு இல்லை. எள்ளுப் பிண்ணாக்கில் லைஸின் குறைவாதலின், அதை மட்டும் நம்பிக் கோழி வளர்த்தல் ஆகாது.

இனி விதைப்பு. அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்னதாக, மண் மெழுகுப்பதத்தில் இருக்கையில், ஏக்கருக்கு 12 கிலோ விதை தெளிக்கலாம். ஆடுதுறை 3 உளுந்து இதற்கு ஏற்றது. இயந்திர அறுவடையானால், சக்கரத்தடம் படும் இடங்களில் நாற்று அழிவது மெய்யே; அங்கு அறுவடை முடிந்த உடனே ஈரம் காயுமுன் மறுபடி விதைத்துக்கொள்க. ஒரு வாரம் தாமதித்தால் டெல்டாக் களிமண் வெடித்துப்போம். பூக்கும் தருணத்திலும் அதற்கு 15 நாள் பின்னும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளித்தல் நலம்.

அடங்கல் எழுதும் கிராம உத்தியோகஸ்தர்கள், எந்தெந்தத் தாக்கில் பயறு விடுபட்டதென்பதை நன்கறிவர். அந்த ஜாபிதாவை மார்கழியிலேயே வேளாண்மை விரிவாக்க மையத்திற்குத் தெரிவிப்பின், விதை காலத்தில் வந்து சேர ஏதுவாகும். விளைந்த உளுந்தில், நிலத்தில் உழைப்போர் வீட்டிற்கென ஒரு பங்கை ஒதுக்கிய பின்னரே மூட்டையைச் சந்தைக்கு ஏற்றுதல் வேண்டும்.